கேள்வி பதில்: ஆட்டிசப் பிள்ளைகளும் நாடக ஒத்திகையும்

காரைக்குடி: அக்கா, மகனுக்கு 14 வயது. வீட்டில் பேசுவான், கண்டக்டர் கேட்டால் வாயே திறக்கமாட்டான். நாடகம் உதவுமா?

உதவும். புராணக் கதையெல்லாம் வேண்டாம், பஸ்ஸையே நாடகமாக்குங்கள். நாலு நாற்காலி, ஒரு தோள்பை, பழைய டிக்கெட், நிஜச் சில்லறை. முதலில் அவனே கண்டக்டர். கேட்கிற ஆளுக்குப் பயம் குறைவு. அப்புறம் பயணி. "தேவகோட்டை ஒண்ணு", அவ்வளவுதான் வசனம். மூன்று தடவை பிசகாமல் வந்தபிறகு ஒரு மாற்றம்: "சில்லறை இல்லையாப்பா?" ஒரு நாளைக்கு ஒன்றுதான். இரண்டைச் சேர்த்துப் போட்டால் பழைய வசனமும் போய்விடும். தொண்டை அடைத்தால் நீட்ட, ஊர்ப்பெயர் எழுதிய அட்டை சட்டைப்பையில் இருக்கட்டும், அதுவும் பேச்சுத்தான். கடைசியில் கூட்டமில்லாத மத்தியான பஸ்ஸில் ஒரு ஸ்டாப். "கண்ணைப் பார்த்துப் பேசு" என்று மட்டும் நச்சரிக்காதீர்கள்.

தேவகோட்டை: எங்கள் வளவில் (செட்டிநாட்டு வீட்டின் உள்கூடம்) 8 பேருக்கு நாடக வகுப்பு. பத்து நிமிஷத்தில் இரண்டு பேர் காதைப் பொத்திக்கொள்கிறார்கள்.

தரையில் ஆத்தங்குடிக் கல், வழுவழுச் சுவர், உயர்ந்த கூரை. போட்ட சத்தமெல்லாம் திரும்பி வரும். இரட்டை ஜமக்காளம் விரியுங்கள், இல்லையென்றால் உள்ளறைக்கு மாறுங்கள். விசில், கைதட்டல் வேண்டாம், கையைத் தூக்கி அசைத்தால் போதும். மினுக்கும் டியூப்லைட்டை அணையுங்கள். ஒரு மூலையில் பாய் போட்டு வையுங்கள். யாரையும் கேட்காமல் போகலாம், வரலாம். தண்டனைக்கு அங்கே அனுப்பிவிட்டால் அப்புறம் ஒருத்தரும் போகமாட்டார்கள். ஆட்டிசம் இல்லாத சம வயதுப் பிள்ளைகளையும் பழக்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் பிளைத் கார்பெட் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துணையை நம்பித்தான் நடந்தது: 8 முதல் 14 வயதுவரை 30 பேர், நாலு மணி நேர அமர்வு 10. நாடகத்தில் சேர்ந்தவர்களுக்கு முகங்களை நினைவில் வைப்பது மேம்பட்டது. சின்ன ஆய்வு, அந்த அளவுக்கே நம்புங்கள்.

கோட்டையூர்: நாடகத்தால் ஆட்டிசம் குணமாகுமா?

ஆகாது. அது நோயே இல்லை.

கானாடுகாத்தான்: எத்தனை மாதத்தில் நார்மலாவான்?

மேல் பதிலைப் படியுங்கள்.

புதுவயல்: வலிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு வகுப்புக்கு அனுப்பலாமா?

நிறுத்தவே கூடாது. டாக்டரைக் கேளுங்கள்.

பள்ளத்தூர்: திருவிழா மேடையில் ஏற்றினால்தானே கூச்சம் தெளியும்? அந்தக் காலத்தில் அப்படித்தான்.

மைக் அலறல், வேட்டு, முகத்தில் வெளிச்சம், ராத்திரித் தூக்கம் போச்சு. கூச்சம் தெளியாது, அடுத்த வாரம் வகுப்புக்கே வரமாட்டான்.

பள்ளத்தூர்: என் அண்ணன் மகன் போன வருஷம் ஆடினானே!

அவன் விரும்பி ஏறியிருந்தால் சந்தோஷம். இறங்கினபிறகு எப்படி இருந்தான்?

பள்ளத்தூர்: ரெண்டு நாள் அறையைவிட்டு வரலை.

அதைத்தான் சொல்கிறேன் அண்ணே. பார்ப்பவர்களுக்கு ஆட்டிசம் இல்லாத நம்மைப்போல நடித்துக் காட்டுவது அவனை ஓய்ந்துபோக வைத்துவிடும். பத்துப் பேர் தரையில் உட்கார்ந்து பார்த்தால் போதும். மேடைதான் வேண்டுமென்றால் திரைக்கயிற்றை அவன் கையில் கொடுங்கள். அதற்கும் வசனத்தைக் காதில் வாங்கி, சரியான நொடியில் இழுக்கணும்.