டப்பாவில் போட்ட மோர் மிளகாயில் வெள்ளைப் பூசணம்

மாடித்தோட்டத்துக் குண்டு மிளகாயை ஊசியால் குத்தி மோரில் ஊறவைத்து, மூன்று நாள் வெயிலில் காயவைத்து டப்பாவில் போட்டதில் பூசணம் பிடித்துவிட்டது, மறுபடி காயவைக்கலாமா என்று கேட்கிறீர்கள். பூசணம் பிடித்ததைக் கொட்டிவிடுங்கள். மறுபடி வெயிலில் போட்டால் வெள்ளை மறையலாம், அதில் நஞ்சு சேர்ந்திருந்தால் போகாது. அதே டப்பாவில் நன்றாகத் தெரிவதையும் நான் நம்ப மாட்டேன்.

மூன்று நாள் வைகாசி வெயில் என்கிறீர்கள். மேல்தோல் அதற்குள் வெளுத்துவிடும். காம்படியில் விதை ஒட்டியிருக்கும் சதையில்தான் ஈரம் நிற்கும். மாடித்தோட்டத்துக் குண்டு மிளகாய்க்கு ஊசியால் குத்துவது போதாது, நுனியிலிருந்து பாதிவரை கீற வேண்டும்.

அடுத்த முறை ஒன்றைக் காதருகே குலுக்கிப் பாருங்கள், விதை கலகலக்க வேண்டும். அப்புறம் காம்படியில் ஒடியுங்கள். வளைந்தால் இன்னும் காயவில்லை. சூடு ஆறியபின்தான் மூடவேண்டும்.

ஒன்று: பிரஷருக்காக மோரில் உப்பைக் குறைத்திருந்தால், காய்ந்தபின்னும் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும்.