28ஆவது திருத்தம்: நியூசமின் துப்பாக்கிக் கோரிக்கை பற்றிச் சில கேள்விகள்

கலிபோர்னியா ஆளுநர் கேவின் நியூசம் 2023 ஜூனில் ஒரு கோரிக்கை வைத்தார். துப்பாக்கி வாங்க 21 வயது, எல்லா விற்பனைக்கும் வாங்குபவரின் குற்றப் பின்னணிச் சோதனை, பணம் கட்டியபின் சில நாள் காத்திருப்பு, ராணுவ பாணித் துப்பாக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்கத் தடை ஆகிய நான்கையும் அமெரிக்க அரசியல் சட்டத்திலேயே 28ஆவது திருத்தமாக எழுத வேண்டும் என்றார். அதையொட்டி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

சட்ட மாணவி ஒருவர்: இதற்கு அரசியல் சட்டத் திருத்தம் எதற்கு ஐயா? சாதாரணச் சட்டம் போதாதா?

நிறைவேறினால் போதும். 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நான்கு மாதம் கழித்து, பின்னணிச் சோதனையை விரிவாக்கும் யோசனை செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 54, எதிர்ப்பு 46. செனட் நடைமுறைப்படி தேவைப்பட்டதோ 60. பெரும்பான்மை பெற்றுத் தோற்ற யோசனை அது.

செனட்டைத் தாண்டினாலும் உச்ச நீதிமன்றம் இருக்கிறது. 2008இல் ஹெல்லர் வழக்கில், தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்றது. 2022இல் ப்ரூயன் வழக்கில், எந்தக் கட்டுப்பாடும் நாட்டின் வரலாற்று மரபோடு பொருந்த வேண்டும் என்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் இதற்கு ஒப்பான விதி இருந்ததா என்று நீதிபதிகள் பழைய ஏடுகளைப் புரட்டும் நிலை அதனால் வந்தது. திருத்தம் என்றால் இந்தத் தலைவலி இல்லை.

அப்படியானால் ஆயுதம் வைத்திருக்கும் உரிமை தரும் இரண்டாவது திருத்தத்தை ஒழிக்கிறாரா?

இல்லை. அது அப்படியே இருக்கும் என்றுதான் அவரும் சொல்கிறார்.

நடக்கிற காரியமா?

நடக்காது என்றே நினைக்கிறேன். மாநிலங்கள் கேட்டுக் கூட்டும் அரசியல் சட்ட மாநாட்டின் வழியாகத் திருத்தம் கொண்டுவரப் பார்க்கிறார். அந்த மாநாடு கூட்ட 34 மாநிலங்கள் கேட்க வேண்டும். வரும் திருத்தத்தை 38 மாநிலங்கள் ஏற்க வேண்டும். 13 மாநிலங்கள் முகம் திருப்பினால் கதை முடிந்தது. இதுவரை வந்த 27 திருத்தங்களும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் முன்மொழிந்தவை. மாநிலங்கள் கேட்டு மாநாடு கூடியதே இல்லை. கலிபோர்னிய சட்டமன்றம் 2023 செப்டம்பரில் மாநாடு கேட்டுத் தீர்மானம் போட்டது. ஆனால் மாநாடு ஒருமுறை கூடிவிட்டால் துப்பாக்கியோடு நிற்காமல் வேறு உரிமைகளிலும் கைவைக்கலாம் என்ற அச்சம், கட்டுப்பாட்டை ஆதரிப்பவர்களிடமும் உண்டு. நியாயமான அச்சம்தான்.

ராணுவ பாணித் துப்பாக்கிகளுக்கு முன்பே தடை இருந்ததாகப் படித்தேனே?

1994 முதல் 2004 வரை இருந்தது. பத்தாண்டில் தானாகக் காலாவதியாகும்படி எழுதிய சட்டம், யாரும் நீட்டிக்கவில்லை. அதன் இலக்கணமே சிக்கல். பயனெட் என்னும் துப்பாக்கி முனைக் கத்தியை மாட்டும் இடம், தனிக் கைப்பிடி என்று உறுப்புகளை எண்ணி வகைப்படுத்தினார்கள். தயாரிப்பாளர்கள் ஒன்றிரண்டு உறுப்புகளைக் கழற்றிவிட்டு அதே துப்பாக்கியை விற்றார்கள். ஏற்கெனவே மக்கள் கையில் இருந்தவற்றைச் சட்டம் தொடவும் இல்லை.

பின்னணிச் சோதனை இப்போதே நடக்கிறதே, பிறகென்ன?

உரிமம் பெற்ற கடையில் நடக்கிறது. உரிமம் இல்லாத தனியாள் தன் துப்பாக்கியை விற்றால், கூட்டரசுச் சட்டம் சோதனை கேட்பதில்லை. சில மாநிலங்கள் மட்டும் கேட்கின்றன. கடையிலும் ஓர் ஓட்டை உண்டு: மூன்று வேலை நாளில் முடிவு வராவிட்டால் கடைக்காரர் விற்றுவிடலாம். 2015இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவன் கையில் துப்பாக்கி வந்தது இந்த வழியில்தான்.

குற்றத்தில் சிக்கிய துப்பாக்கி யாருடையது என்று கணினியில் தட்டினால் தெரியாதா?

தெரியாது. எனக்கு இதில் ஓயாத வியப்பு. நாடு தழுவிய உரிமையாளர் பதிவேட்டை 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள, துப்பாக்கிகளைத் தடமறியும் கூட்டரசு மையத்துக்குக் காவல்துறை வரிசை எண்ணை அனுப்பும். அங்கிருப்பவர்கள் தயாரிப்பாளரைக் கேட்டு, மொத்த வியாபாரியைக் கேட்டு, கடைசியில் கடைக்காரரின் பதிவேட்டுக்கு வந்து சேர்வார்கள். மூடிய கடைகளின் ஏடுகள் அந்த மையத்துக்கே வருகின்றன; அவற்றைப் படமெடுத்து வைக்கலாம், வாங்கியவர் பெயரைத் தட்டித் தேட முடியாது. நியூசமின் நான்கு அம்சங்களில் இது இல்லை.

நான்கில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் எதைக் கேட்பீர்கள்?

காத்திருப்பை. 2021இல் அந்நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். செய்தியில் வரும் கூட்டக் கொலைகள் இந்தக் கணக்கில் சிறு பகுதி. மனம் உடைந்த ஒருவர் காலையில் வாங்கி மாலையில் பயன்படுத்த முடியாது என்பதே பல உயிர்களுக்குப் போதுமான இடைவெளி. கைத்துப்பாக்கிக்கு ஐந்து நாள் காத்திருப்பு 1994 முதல் கூட்டரசுச் சட்டத்தில் இருந்ததுதான். காவல்துறை விசாரிக்க அவகாசம் என்றுதான் அதை வைத்தார்கள். 1998 நவம்பரில் உடனடிக் கணினிச் சோதனை வந்ததும், இனி தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள்.