போனஸ், சீட்டு, நாலு டம்ளர்: குடும்ப நகைச்சுவை நாடகம் போடுகிறவர்களுக்கு

தொழிலாளர் மன்றத்திலும் குடியிருப்போர் சங்க விழாவிலும் நாடகம் போடும் நண்பர்கள் கேட்டவை இவை. அம்பத்தூர் பக்கத்து மன்றம் ஒன்றில் பல வருடங்களாக நாடகம் இயக்குகிறவன் என்பதுதான் பதில் சொல்ல எனக்குள்ள தகுதி.

கேள்வி: கணவர் ஃபிட்டர், மனைவிக்குத் தையல் கம்பெனியில் வேலை, ஒரே அறை வீடு. ஸ்கிரிப்டைப் படித்தபோது விழுந்து விழுந்து சிரித்தவர்கள், ஒத்திகையில் உம்மென்று உட்கார்ந்திருக்கிறார்களே சார்?

நடிகர்கள் காமெடி பண்ண ஆரம்பித்திருப்பார்கள். எங்களுக்கும் நடந்தது. பெண் பார்க்க வருகிற காட்சி. வந்தவர்கள் ஆறு பேர், வீட்டில் டம்ளர் நாலு. அம்மாவாக நடித்தவர் கண்ணை உருட்டினார், தலையில் அடித்துக்கொண்டார், சபையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஒரு சிரிப்பும் இல்லை. “அதெல்லாம் வேண்டாம்மா. தலையை எண்ணுங்கள், அப்புறம் டம்ளரை எண்ணுங்கள், போதும்” என்றேன். எண்ணினார். இரண்டாவது தடவை எண்ணினால் கூடிவிடும் என்பது போல, இன்னொரு முறை எண்ணினார். பிறகு மகன் பக்கம் திரும்பி, “நீதான் டீ குடிக்க மாட்டியே” என்றார். பையன் வாய்வரை கொண்டுபோன டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தான். மன்றத்தைப் பூட்டக் காத்திருந்த வாட்ச்மேன்கூடச் சிரித்துவிட்டார்.

அந்த அம்மாவுக்கு அது மானப் பிரச்சினை. நடிப்பவருக்கும் அப்படியே இருக்க வேண்டும். சிரிப்பது சபையின் வேலை.

கேள்வி: இல்லாதவர்களைக் கிண்டல் செய்வதாக ஆகிவிடாதா?

ஆகலாம், பயப்பட வேண்டிய விஷயம்தான். பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய காலத்தில், வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் நடிப்பதுதான் அமெச்சூர் நாடகம். அவருடைய ‘சபாபதி’யில் எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர். வேலைக்காரனின் அசட்டுத்தனத்தில்தான் சிரிப்பே. அதை இன்றும் ரசிக்கலாம், தப்பில்லை. ஆனால் நம் மேடையில் நடிப்பவரும் எதிரே உட்கார்ந்திருப்பவரும் அந்த வேலைக்காரன் வீட்டு ஆட்கள். அதனால் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் மூளை இருக்க வேண்டும், மாதக் கடைசியில் பணம் மட்டும் இருக்கக் கூடாது.

கேள்வி: தீபாவளி போனஸ், ஏலச்சீட்டு எல்லாம் கதையில் வருகிறது. கணக்கு துல்லியமாக இருக்க வேண்டுமா? நாடகம்தானே அண்ணா?

இருந்தே ஆக வேண்டும் தம்பி. எங்கள் நாடகத்தில் 20 பேர், மாதம் 1,000 ரூபாய், 20,000 ரூபாய் சீட்டு. அத்தை 5,000 தள்ளி எடுக்கிறாள். அதில் சீட்டுக்காரர் கமிஷன் 1,000 போக மீதி 4,000-ஐ இருபது பேருக்குப் பங்கு வைத்தால் தலைக்கு 200 கழியும், அந்த மாதம் கட்ட வேண்டியது 800. எங்கள் நடிகர் 900 என்று சொல்லிவிட்டார். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண்மணி “எண்ணூறு!” என்று குரல் கொடுத்தார். அன்றைக்கு அதிகக் கைதட்டல் வாங்கியவர் அவர்தான்.

போனஸ் இன்னும் நல்ல சரக்கு. சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. 8.33 என்றால் வருடச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம் என்று மனைவி கணக்குப் போட்டு, கம்மல், மிக்ஸி, பையனுக்கு ஷூ என்று பட்டியல் எழுதிவிடுகிறாள். ஆனால் அந்தக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. கணவனுக்கு அது தெரியும், சொல்லத்தான் தைரியம் இல்லை. பட்டியல் ஒவ்வொரு வரியாக நீள நீள அவன் முகத்தை மட்டும் காட்டுங்கள். வசனமே வேண்டாம்.

கேள்வி: எல்லோரும் மெட்ராஸ் பாஷைதான் பேச வேண்டுமா?

வேண்டாம். வரிக்கு வரி ‘கஸ்மாலம்’ போட்டால் தொழிலாளி ஆகிவிட மாட்டார். தூத்துக்குடிக்காரர் நடித்தால் தூத்துக்குடிப் பேச்சே பேசட்டும், அவரும் பிழைக்க வந்தவர்தானே.

கேள்வி: அப்பா வேடத்துக்குக் கிடைத்தவர் பேங்க் மேனேஜர். பார்த்தாலே தெரிகிறது. என்ன செய்வது?

வசனத்தை விடுங்கள், கையைப் பாருங்கள். ஷிஃப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றி, பார்க்காமலே ஆணியில் மாட்டத் தெரிய வேண்டும். பத்து ஒத்திகைக்கு அதைச் செய்ய வையுங்கள். டிஃபன் கேரியரைத் தன் கையாலேயே கழுவட்டும். மேக்கப்பில் கரி பூசாதீர்கள்.

கேள்வி: சிரிப்பில் அடுத்த வசனம் அமுங்கிவிடுகிறது.

சிரிப்பு ஏறும்போது பேசாதீர்கள், ஓயும்வரைக்கும் நிற்காதீர்கள். உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது பிடித்துக்கொள்ளுங்கள். அதுவரை சும்மா நிற்காமல் கீரை ஆயலாம், பீடி தேடலாம். தொங்கு மைக் என்றால் இன்னொன்று: சிரிப்பு வாங்குகிற வசனத்தை மைக்குக்கு நேர் கீழே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டே கால் மணி நேரம் வருகிறது. எதை வெட்டலாம்?

ஒன்றரை மணிக்கு மேல் வேண்டாம், ஜனங்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். முதலில் தாத்தா சொல்லும் வாழ்க்கைத் தத்துவங்களை வெட்டுங்கள். தாத்தாவாக நடிப்பவர் மன்றத் தலைவர் என்றால், டிக்கெட் எல்லாம் விற்றுத் தீர்ந்த பிறகு வெட்டுங்கள்.