நாற்பது கிணறும் ஒரு சனிக்கிழமையும்

அன்புள்ள ஐயா,

மட்டக்களப்பு கல்லடியில் ஒரு சபையின் வாலிபர் ஐக்கியத்தில் இருக்கிறேன். இந்த மாரி வெள்ளம் வடிந்ததும் உலர் உணவுப் பொதி கொடுப்பதோடு நிற்காமல், வெள்ளம் ஏறிய வீட்டுக் கிணறுகளை இறைத்துத் துப்புரவு செய்து கொடுக்க முடிவெடுத்திருக்கிறோம். இரண்டு வாட்டர் பம்ப் இரவலாகக் கிடைத்திருக்கிறது. ஒரே சனிக்கிழமையில் எங்கள் பக்கமும் வவுணதீவுப் பக்கமுமாக நாற்பது கிணறு முடிக்கலாம் என்பது திட்டம். ஆனால் எங்களுக்குள் ஒரு பிரச்சினை. சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்காமல் செய்தால் அது வெறும் சமூக சேவை என்கிறார்கள் சிலர். கிரியையே போதும், வாய் திறக்க வேண்டாம் என்கிறார்கள் வேறு சிலர். படம் எடுத்து முகநூலில் போடுவது பற்றியும் வாக்குவாதம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புள்ள தம்பி,

கைப்பிரதி விஷயத்தை உங்கள் போதகரோடு இருந்து பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். 1814 இல் மட்டக்களப்பில் வந்திறங்கிய மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் அடுத்த வருடமே இறந்துபோனார். அந்தச் சில மாதங்களுக்குள் பிரசங்கமும் பண்ணினார், பள்ளிக்கூடமும் திறந்தார். எது பெரிது என்று வழக்காட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. படம் எடுக்கவே வேண்டாம். கிணற்றடி பெண்கள் குளிக்கிற இடம்.

உங்கள் சண்டையை விட அந்த நாற்பதுதான் என்னை உறுத்துகிறது. யார் போட்ட கணக்கு அது? ஒழுங்காகச் செய்தால் ஒரு பம்புக்கு ஒரு நாளில் இரண்டு கிணறு, மிஞ்சினால் மூன்று. இதற்கு மேல் ஓடினால் நீங்கள் செய்வது துப்புரவு இல்லை, தண்ணீரைக் கலக்கிவிட்டுப் போவது. கோபிக்காதீர்கள். உங்கள் வயதில் இவ்வளவு மனம் இருப்பதே பெரிய காரியம். ஆனால் இந்தக் கரையோரம் நல்ல மனதால் ஏற்கெனவே ஒருமுறை பட்டிருக்கிறது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுக்கக் கிணறுகளில் கடல்நீர். உதவ வந்த குழுக்கள் பம்பை வைத்து அடி தெரிய இறைத்தன, திரும்பத் திரும்ப இறைத்தன. உப்புக் குறையவில்லை, சில இடங்களில் கூடவும் செய்தது. கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள அந்த ஒடுங்கிய மணல் நிலத்தில் மழைநீர் கீழே உள்ள உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. மேலே நன்னீர் மட்டம் ஓர் அங்குலம் இறங்கினால் கீழே உப்புநீர் நாற்பது அங்குலம் வரை எழும்ப இடமுண்டு. பம்ப் இறைக்க இறைக்கக் கிணற்றுக்கு நேர் கீழே உப்பு கூம்பாக மேலேறும். அந்த வருடங்களில் உப்பைக் கழுவியதில் பெரும்பங்கு அடுத்து வந்த மாரி மழைக்குத்தான். பம்புக்கு இல்லை.

ஆகவே எழுவான்கரையில், அதாவது கடலோரமான உங்கள் பக்கத்தில், ஒரு விதமாகவும், வாவிக்கு மேற்கே படுவான்கரையில், வவுணதீவுப் பக்கம், வேறு விதமாகவும் இறைக்க வேண்டும். உங்கள் பக்கத்தில் பம்பின் உறிஞ்சு குழாயை அடியில் போடாதீர்கள். வெறும் எண்ணெய்க் கான் ஒன்றில் கட்டி, வாய் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி மிதக்க விடுங்கள். மெதுவாக இறையுங்கள். அடிச் சேற்றை வாளியால் அள்ளுங்கள். கையடக்க உப்பு மீற்றர் ஒன்று இரவல் கிடைத்தால் அரை மணிக்கொரு தரம் பாருங்கள். எண் ஏறத் தொடங்கினால் பம்பை நிறுத்துங்கள், அன்றைக்கு அந்தக் கிணறு அவ்வளவுதான். இறைத்த தண்ணீரைக் கிணற்றடியிலேயே விட்டால் மணல் அதைத் திரும்பக் கிணற்றுக்குள்ளேயே கொண்டுவரும். நீளக் குழாய் போட்டுத் தள்ளி விடுங்கள்.

வவுணதீவுப் பக்கம் பயம் வேறு. வெள்ளம் வடிந்த கையோடு சுற்றியுள்ள மண் ஊறிக் கிடக்கும். உள்ளே நிற்கிற தண்ணீர்தான் சீமெந்து வளையங்களைத் தாங்குகிறது. அதை ஒரேயடியாக வற்ற இறைத்தால் வளையம் விலகும், அடியால் மண் பொங்கும். வெளித் தண்ணீர் நன்றாக இறங்கும்வரை பொறுங்கள். பிறகும் பாதிக்கு மேல் ஒரே மூச்சில் இறக்காமல், ஊற விட்டு ஊற விட்டு இறையுங்கள். பெற்றோல் மெஷினை எந்தக் காரணத்துக்காகவும் கிணற்றுக்குள் இறக்காதீர்கள். அதன் புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது. இறங்கினவன் மயங்கி விழுவான், தூக்கப் போனவனும் விழுவான்.

குளோரினைக் கைப்பிடிக் கணக்கில் போடுகிற பழக்கத்தை விடுங்கள். 1.2 மீற்றர் அகலம், 2 மீற்றர் தண்ணீர் என்றால் ஏறத்தாழ 2,260 லீற்றர். லீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரின் கிடைக்க 70 வீதத் தூளில் 160 கிராம், 30 வீத பிளீச்சிங் தூளில் 375 கிராம் அளவு வேண்டும். தூளை பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். வாளி, கயிறு, உள்சுவர் எல்லாவற்றையும் அதே கரைசலால் கழுவுங்கள். கலங்கல் தண்ணீரில் போட்டால் சேறே குளோரினைத் தின்றுவிடும். திறந்து மாதக் கணக்காக ஈரத்தில் கிடந்த தூளை நம்பவேண்டாம். குளோரின் உப்பை எடுக்காது, கொதிக்க வைத்தாலும் உப்புப் போகாது, அதையும் வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள். மலசலகூடக் குழி பக்கத்தில் இருந்தால் கிணறு திரும்பவும் கெடும். குடிக்கிற தண்ணீரைத் தொடர்ந்து கொதிக்க வைக்கச் சொல்லுங்கள். தொடங்குமுன் அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை (பி.எச்.ஐ.) கண்டு பேசுங்கள்.

இனி உங்கள் திட்டத்தில் எங்கேயுமே இல்லாத ஒன்று. குளோரின் ஊற்றிய கிணற்றை ஒரு நாள் தொடக்கூடாது. அதன்பிறகு மணம் போகும்வரை திரும்ப இறைக்க வேண்டும், கரையோரமென்றால் அதையும் மெதுவாக. சனிக்கிழமை பின்னேரம் ஊற்றிவிட்டு வந்தால் ஞாயிறு காலை நீங்கள் ஆராதனையில் இருக்கிற நேரம் அந்த வீட்டில் சோறு காய்ச்சத் தண்ணீர் இல்லை. "தாகமாயிருந்தேன்" என்று மத்தேயு 25 இல் சொன்னவருடைய கிணற்றை நீங்களே பூட்டிவிட்டுப் போய்ப் பாட்டுப் பாடுவீர்களா? ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லீற்றர், ஐந்து பேருள்ள வீட்டுக்கு 75. ஆகவே ஒரு கிணற்றுக்கு 20 லீற்றர் கான் நான்கு, கிணற்றில் கை வைக்குமுன் வந்து சேர்ந்திருக்க வேண்டும். தண்ணீர் பவுசருக்கு அந்தந்தப் பகுதி மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ முன்கூட்டியே சொல்லிவையுங்கள். உங்களில் பாதிப்பேர் ஞாயிறு பின்னேரம் திரும்பப் போய் இரண்டாம் தரம் இறைக்க வேண்டும்.

முதல் சனிக்கிழமைக்கு நான்கு கிணறு போதும். கானைக் கிணற்றடியில் வைத்துவிட்டு வராதீர்கள். நிறைந்த கான் 20 கிலோவுக்கு மேல் வரும். வயதான அம்மா தனியே இருக்கிற வீடென்றால் குசினிக்குள் கொண்டுபோய், அவர் குனியாமல் எடுக்கக்கூடிய பானையில் ஊற்றிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.