கேள்வி பதில்: கப்பல்ல வந்த குதிரையும் தக்கோலத்து யானையும்

போன இதழ்ல கம்ப்யூட்டர் கேம் பத்தி ரெண்டு வரி எழுதினதுக்கு நம்ம வடாற்காடு பக்கத்துல இருந்து நெறைய கேள்வி வந்திருக்கு, அதனால இந்த வாரம் முழுக்க அதுதான்.

கேள்வி: அண்ணே, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 கேம்ல நம்ம தென்னாட்டுக் கட்சி திராவிடியன்ஸ் எடுத்து அரேபியாங்கற வெட்டவெளி மேப்ல ஆடுனா, நைட் (கவசம் போட்ட குதிரை வீரன்) வச்சிருக்கறவன் வந்து வெளுத்துட்டு போறான். நமக்கு மட்டும் இன்னாத்துக்கு நைட் குடுக்கல? சோழருங்க கிட்ட குதிரையே இல்லியா?
– கல்லூரி மாணவர், குடியாத்தம்

பதில்: இருந்துச்சு தம்பி, ஆனா வெளியில இருந்து வரணும், அதான் விஷயம். பட்டினப்பாலைல காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவுல குவிஞ்சு கெடந்த சரக்க வரிசையா சொல்லும்போது மொதல்ல வர்றதே 'நீரின் வந்த நிமிர்பரிப் புரவியும்' தான், அதாவது கப்பல்ல வந்து எறங்கின குதிரை, அதுக்கு அடுத்துதான் மிளகு மூட்டையே வருது. அதுக்கப்புறம் ஆயிரம் வருஷத்துக்கு மேல தாண்டி 13ஆம் நூற்றாண்டு கடைசியில மார்க்கோ போலோ பாண்டிய நாட்டப் பத்தி எழுதும்போதும் அதே கதைதான், ராஜா வருஷா வருஷம் ஆயிரக்கணக்குல குதிரை வாங்குறாரு, சரியா பராமரிக்கத் தெரியாம முக்கால்வாசி செத்துப்போவுது, மறுவருஷம் திரும்பவும் காச கொட்டி வாங்குறாருன்னு. ஆக நம்ம ராஜாங்களுக்குக் குதிரை இல்லாம இல்ல, குதிரைன்னா கஜானா காலி, அவ்ளோதான்.

2022ல டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியாங்கற கூடுதல் பாகம் வந்தப்ப பழைய இண்டியன்ஸ பிரிச்சு திராவிடியன்ஸ தனியா விட்டாங்க, பேரக்ஸ் (காலாட்படைக் கூடம்) டெக்னாலஜி பாதி வெலை, ஒவ்வொரு ஏஜ் (கேம்ல அடுத்த காலகட்டம்) ஏறும்போதும் 200 மரம் இனாம், வூட்ஸ் ஸ்டீல்ங்கற டெக்னாலஜி எடுத்துட்டா எதிரி போட்ருக்கற கவசத்த நம்ம ஆள் வெட்டு கண்டுக்கவே கண்டுக்காது. இவ்ளோத்தையும் குடுத்துட்டு நைட்டும் குடுத்தா அப்புறம் எதுத்து ஆடுறவன் கேம மூடிட்டு போயிடுவான், அதனால எடுத்தாங்க, அந்தக் கணக்கு எனக்குப் புரியுது. தண்ணி மேப்ல திராவிடியன்ஸ எடுத்து ஆடிப் பாருங்க, அங்க நம்ம கைதான் ஓங்கும்.

ஆனா பேலன்ஸுக்காக, அதாவது எல்லா பக்கமும் சமமா ஆடறதுக்காக, நம்பர்ல எவ்ளோ வேணா பொய் சொல்லலாம், ஒரு நாகரிகத்தோட குணத்துல சொல்லக்கூடாதுங்கறது என்னோட கட்சி. நைட்ட சுத்தமா தூக்குறதுக்குப் பதிலா, தங்கம் ரெண்டு பங்கு வாங்கிட்டு குடுத்திருக்கலாம், இல்ல துறைமுகத்துலதான் குதிரை எறங்கும்னு வச்சிருக்கலாம், அப்ப சரித்திரமும் நிக்கும் பேலன்ஸும் நிக்கும். அஸ்டெக்ஸ பாருங்க, 1519ல ஸ்பெயின்காரன் வர்ற வரைக்கும் அவங்க கண்ணுல குதிரையே பட்டதில்ல, அதனால நிஜமாவே குதிரை கிடையாது, அந்த எடத்துல வேகமா ஓடுற ஈகிள் வாரியர குடுத்தாங்க. அது எவ்ளோ அழகா உக்காந்துச்சு! அவங்களுக்கு ட்ரெபுஷேங்கற கல்லெறி எந்திரம் குடுத்தது பொய்தான், ஆனா அது இல்லாம கோட்டைய ஒடைக்க முடியாது, அத நான் ஒத்துக்கறேன்.

கேம்ல திராவிடியன்ஸுக்குன்னே குடுத்த உறுமி வீரன் பத்தியும் ஒண்ணு சொல்லிடறேன், உறுமின்னா சுருள்வாள். நம்ம சிலம்பத்துல சுருள்வாள் சுத்துறத நேர்ல பாத்திருப்பீங்க, சுத்துறவர சுத்தி யாரும் நிக்க முடியாது, அப்படி இருக்க தோளோட தோள் ஒட்டி வரிசையில நின்னு அத எப்படி சுத்துறது? பக்கத்துல நிக்கற நம்மாளுக்குத்தான் மொதல் வெட்டு விழும்.

கேள்வி: சிவிலைசேஷன் கேம்ல காந்தி அணுகுண்டு போடறது ப்ரோக்ராம் பிழைன்னு சொல்றாங்களே, நெசமா சார்?
– வாசகர், ஆம்பூர்

பதில்: இல்லீங்க. 1991ல வந்த மொத கேம்ல அப்படி ஒரு பிழையே இல்லன்னு அத உருவாக்குன சிட் மெயரே 2020ல வந்த தன்னோட நினைவுக் குறிப்புல எழுதிட்டாரு. பின்னாடி அஞ்சாவது பாகத்துலதான் தெரிஞ்சே வச்சாங்க.

கேள்வி: ரோம் டோட்டல் வார்ல எகிப்துகாரங்க தேர்ல வர்றாங்க, அது தப்புன்னு நண்பன் சண்டை போடறான். யாரு சரி?
– வாசகி, காட்பாடி

பதில்: உங்க நண்பர்தாம்மா. 2004ல வந்த அந்த கேம் தொடங்கறது கி.மு. 270ல. அலெக்சாண்டர் கி.மு. 323லயே செத்துட்டாரு, அவரோட தளபதி தாலமியோட வம்சம்தான் அப்ப எகிப்த ஆளுது, படையும் கிரேக்க பாணி, நீட்டு ஈட்டி பிடிச்ச காலாட்படை. கேம்ல காட்டுறது அதுக்கு ஆயிரம் வருஷம் முந்தின பாரோ காலத்து வேஷம். பாக்க எல்லா கட்சியும் ஒரே மாதிரி ஆயிடக்கூடாதுன்னு செஞ்சிருப்பாங்க போல, எனக்கு அது கொஞ்சமும் புடிக்கல, ஏன்னா பத்து வயசுப் புள்ள மனசுல அந்தப் படம்தான் கடைசி வரைக்கும் நிக்கும்.

இதுக்கும் மேல, பேலன்ஸும் போயி சரித்திரமும் போன கதை ஒண்ணு இருக்கு, 1997ல வந்த மொத ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்ல ஷாங், அதாவது சீனாவோட பழைய ராஜவம்சம். மத்தவனுக்கு ஒரு கிராமத்தான் 50 சாப்பாடு, ஷாங்குக்கு 35தான், போட்டி ஆட்டம்னா எல்லாரும் கண்ண மூடிட்டு ஷாங்கதான் எடுப்பாங்க. ஷாங்னா வெண்கல வார்ப்பு, தேர், அன்யாங்ல கெடச்ச எலும்புல எழுதின குறி, இது எதையும் தொடாம ஆள மலிவா குடுத்தா எப்படி?

கேள்வி: எங்க ஊர் பக்கத்துல நடந்த தக்கோலம் போர ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2ல சினாரியோ எடிட்டர்ல (நாமளே மேப்பும் சண்டையும் செய்யற எடம்) போட ஆசை அண்ணே. ஒரு பக்கமே ஜெயிக்காம எப்படி வைக்கறது?
– பள்ளி ஆசிரியர், அரக்கோணம்

பதில்: இந்தக் கேள்விய படிச்சதும் எனக்கு அவ்ளோ சந்தோஷம். 949ல ஒரு பக்கம் ராஷ்டிரகூடன் மூணாம் கிருஷ்ணனும் அவனுக்குத் துணையா கங்க அரசன் பூதுகனும், இன்னொரு பக்கம் பராந்தகன் மகன் ராஜாதித்தன். ரெண்டு பக்கமும் படைய சரிசமமா வச்சிடுங்க, ஏன்னா அந்தப் போர் திரும்புனது ஒரே ஒரு எடத்துல, ராஜாதித்தன் யானைமேல இருக்கும்போதே செத்தான், அதுக்காகவே 'யானைமேல் துஞ்சிய தேவர்'னு பேரு வந்துச்சு. அதையே விதியா போடுங்க. யானைமேல ஏத்துனா தூரம் தெரியும், சுத்தி நிக்கற படைக்கு பலம் கூடும், ஆனா எல்லா அம்பும் அவன் மேலதான். எறக்கிட்டா பத்திரம், படைக்குத் தெம்பு இல்ல. முடிவு ஆடுறவன் கையில, அவன் செத்தா ஆட்டம் முடிஞ்சுது.

எப்படி செத்தான்னு கேட்டா ரெண்டு பக்கமும் வேற வேற சொல்லுது, சோழர் பக்கத்து ஆனைமங்கலம் செப்பேடு யானைமேல இருக்கும்போது கிருஷ்ணனோட அம்பு நெஞ்சுல பாஞ்சதா சொல்லுது, ஆத்தக்கூர் கன்னடக் கல்வெட்டு பூதுகன்தான் கொன்னான்னு சொல்லுது. அதனால ராஷ்டிரகூடன் எடுக்கறவனுக்கு ரெண்டு வழியும் தெறந்து விடுங்க, வில்லாள வச்சும் ஜெயிக்கலாம், பூதுகன கிட்ட கொண்டு போயும் ஜெயிக்கலாம்.

கேம்ல ஒரு யானை செஞ்சாலும் ஒரு கிராமத்தான் செஞ்சாலும் பாப்புலேஷன் (ஆள் கணக்கு) ஒண்ணுதான் ஏறும், அத மட்டும் நம்பாதீங்க. நிஜத்துல ஒரு பெரிய யானை ஒரு நாளைக்கு 150 கிலோ கிட்ட தின்னும், அதனால யானை உயிரோட இருக்கற வரைக்கும் சாப்பாடு கொறஞ்சுட்டே வர்ற மாதிரி ஒரு ட்ரிக்கர் (தானா நடக்கற விதி) வைங்க. நாப்பது யானை கட்டி உக்காந்திருக்கற ஆட்டம் அதோட ஒழிஞ்சுடும்.

அப்புறம் வெற்றின்னு திரையில எழுத்து வந்ததும் முடிச்சிடாதீங்க, ரெண்டாம் பாகம் ஒண்ணு போடுங்க. பத்து வருஷம் கழிச்சு 959லயும் கிருஷ்ணன் நம்ம மேல்பாடியில பாசறை போட்டு உக்காந்து, புடிச்ச நாட்ட தன்னோட ஆளுங்களுக்குப் பங்கு போட்டுட்டு இருந்தான்னு கர்ஹாட் செப்பேடு சொல்லுது. அதே மேல்பாடியில, பொன்னை ஆத்தங்கரையில, ராஜாதித்தனோட தம்பி அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படைக் கோயில் (செத்த ராஜா நெனவா எடுக்கறது) இருக்கு, பேரன் ராஜராஜன் எடுத்தது. சனிக்கிழமையில பசங்கள கூட்டிட்டுப் போயி அந்தக் கல்லுல இருக்கற எழுத்த காட்டுங்க சார், அப்புறம் வந்து மேப் போடச் சொல்லுங்க, வேற மாதிரி போடுவாங்க.

கேள்வி: நம்ம பக்கத்து பழங்கால சண்டைய வச்சு கேம் பண்ணா சாப்பாடு, மரம், தங்கம்னு வைக்க முடியுமா?
– வாசகர், செங்கம்

பதில்: உங்க ஊர்லயே பதில் இருக்குங்க, மாடு. செங்கம் சுத்துவட்டார நடுகல்லுங்க பலதும் மாட்டு மந்தைய புடிக்கப் போயோ மீட்கப் போயோ செத்தவங்களுக்கு வச்சது. எடுத்தனூர் கல்லுல மகேந்திரவர்மன் காலத்துல, 7ஆம் நூற்றாண்டு, எருமை மந்தைக்காக செத்த கருந்தேவகத்தி இருக்கான், கூடவே கோவிவன்னு ஒரு நாய், ரெண்டு கள்ளன கடிச்சு காத்து நின்னுச்சுன்னு பேரோட எழுதி வச்சிருக்காங்க. அதனால மந்தைதான் சொத்து, நாய் ஒரு யூனிட், எல்லைக் காவல் ஒரு வேலை. வெட்சி (மந்தைய கவர்ற பக்கம்) எடுத்தவன் ராத்திரியில வேகம், கரந்தை (மீட்கற பக்கம்) எடுத்தவனுக்கு நாயும் தடம் பாக்கறதும். மந்தைய ஓட்டிட்டு தன் எல்லைக்குள்ள போயிட்டா வெட்சிக்கு ஜெயம், நடுவுல மடக்கிட்டா கரந்தைக்கு. செத்த வீரனுக்குக் கல் நட்டா அந்த ஊர் ஆளுங்களுக்கு தாக்குதல் பலம் கொஞ்சம் ஏறட்டும். யானையும் வேணாம், கோட்டையும் வேணாம், மொதல்ல காகிதத்துல கட்டம் போட்டு புளியங்கொட்டை வச்சு ஆடிப் பாருங்க, எந்தப் பக்கம் சும்மா சும்மா ஜெயிக்குதுன்னு எனக்கு எழுதுங்க, சேந்து சரி பண்ணலாம்.