தவக்காலத்தில் கிறிஸ்தவர்கள் சபைக்குச் சபை வேறுவிதமாக நோன்பிருப்பது ஏன்?

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்து கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் நீங்கள், புகுந்த வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் கறி சமைக்காததையும், உடன் வேலை செய்யும் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் தோழி 50 நாட்கள் பாலைக்கூடத் தொடாததையும், பிறந்த வீட்டில் உணவு குறித்து எந்தக் கட்டாயமும் இல்லாததையும் எடுத்துச் சொல்லி, இவற்றுள் எது சரியான நோன்பு என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கத்தோலிக்கன். எனக்குப் புரிந்தவரை, இந்த வேறுபாட்டின் வேர் நோன்பைத் தீர்மானிப்பது யார் என்பதில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக வரும் மரபு தீர்மானிக்கும் இடத்தில் ஒருவிதமாகவும், திருச்சபைச் சட்டம் தீர்மானிக்கும் இடத்தில் வேறுவிதமாகவும், அவரவர் மனச்சாட்சிக்கு விடப்பட்ட இடத்தில் இன்னொரு விதமாகவும் அது அமைகிறது.

உங்கள் தோழியின் நோன்பே இவற்றுள் பழமையான வடிவத்துக்கு நெருக்கமானது. இறைச்சி, மீன், முட்டை, பால், நெய் எல்லாவற்றையும் விலக்கும் அந்தப் பெரிய நோன்பு, கத்தோலிக்கருக்குத் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு (திருநீற்றுப் புதன்) முந்தைய திங்கட்கிழமையே தொடங்கிவிடும். கீழைத் திருச்சபைகளுக்குச் சாம்பல் புதன் என்ற நாளே கிடையாது. உங்கள் தோழியின் சபையில் நோன்பு ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோவதும் அன்று. விவிலியத்தில் வரும் நினிவே நகர மக்களின் மனமாற்றத்தை நினைவுகூரும் 3 நாள் நோன்பும், கிறிஸ்து பிறப்புக்கு முன் 25 நாள் நோன்பும், இவை போதாதென்று புதன், வெள்ளி நோன்புகளும் உண்டு. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் தவக்காலம் 55 நாட்கள். பலர் பிற்பகல் வரை தண்ணீர்கூட அருந்தாமல் இருந்து, பிறகு பருப்பு, கடலை மாவுக் குழம்புகளோடு தோசை போன்ற இஞ்சேரா உண்பார்கள். கிரேக்க மரபிலோ வார நாட்களில் எண்ணெயும் திராட்சை இரசமும்கூட விலக்கு. மீன், இயேசுவின் பிறப்பு மரியாவுக்கு அறிவிக்கப்பட்டதை நினைவுகூரும் மங்கள வார்த்தைத் திருநாளிலும் குருத்து ஞாயிறன்றும் மட்டுமே அனுமதி. ஆனால் இறால், கணவாய் போன்றவற்றுக்கு அந்தத் தடை இல்லை.

இவ்வளவு கடினமான நோன்பை இலட்சக்கணக்கானோர் எப்படிக் கடைப்பிடிக்கிறார்கள் என்று வியப்பதற்கு முன், அது தனி ஒருவர் சுமக்கும் பாரம் இல்லை என்பதைப் பார்க்க வேண்டும். வீடு முழுவதும் நோன்பிருக்கும்போது அடுப்பில் வேறு உணவே ஏறுவதில்லை. யாரும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பெரிய வெள்ளியன்று கேரளத்துச் சுறியானிக் கோயில்களில் வழிபாடு முடிந்ததும் பாகற்காய்ச் சாறோ காடியோ கலந்த கசப்பு நீரை வரிசையில் நின்று வாங்கி ஒரு மிடறு குடித்துவிட்டு, பிறகு கஞ்சியும் பயறும் உண்பார்கள். குழந்தைகளும் முகம் சுளித்தபடி அந்த வரிசையில் நிற்பார்கள். நோன்பை ஊரே சேர்ந்து செய்வதன் பலம் அதுதான். எங்கள் பக்கம் அது குறைந்துவிட்டது என்ற வருத்தம் எனக்கு உண்டு.

எங்கள் லத்தீன் (மேலைக் கத்தோலிக்க) திருச்சபையும் ஒருகாலத்தில் முட்டையையும் பாலையும் விலக்கியதுதான். நூற்றாண்டுகள் போகப் போகத் தளர்வுகள் வந்தன. 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் கட்டாயத்தைக் குறைத்து, செபத்துக்கும் அறச்செயலுக்கும் அழுத்தம் கொடுத்தார். இப்போது நடைமுறையிலுள்ள 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின்படி திருநீற்றுப் புதனும் புனித வெள்ளியும் மட்டுமே ஒருசந்தி, அதாவது ஒருவேளை முழு உணவு. 18 வயது நிறைந்தவர்களுக்கு 59 வயது நிறையும்வரை அது கடமை. இறைச்சி தவிர்க்கும் சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு. இது குறைந்தபட்ச எல்லைதான். தமிழ்நாட்டில் பல குடும்பங்கள் 40 நாட்களும் அசைவம் தொடாமல் இருப்பதும், வெள்ளி மாலை சிலுவைப்பாதை முடிந்தபிறகே சாப்பிடுவதும் சட்டத்துக்கு மேல் தாமாக ஏற்றுக்கொண்டவை. அந்த 40, ஞாயிறுகளை நீக்கி எண்ணிய கணக்கு. திருநீற்றுப் புதனிலிருந்து உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய நாள்வரை உண்மையில் 46 நாட்கள்.

உங்கள் பிறந்த வீட்டின் வழக்கத்துக்கும் வரலாறு உண்டு. 1522இல் சூரிச் நகரில் அச்சகர் ஃபிரோஷௌவர் வீட்டில் தவக்காலத்தில் தொத்திறைச்சி பரிமாறப்பட்டபோது, அங்கிருந்த சீர்திருத்தப் போதகர் சுவிங்லி தாம் உண்ணவில்லை என்றாலும், உணவைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் கிறிஸ்தவனுக்கு உண்டு என்று பிரசங்கித்தார். நோன்பை அவர் வெறுக்கவில்லை, கட்டாயத்தைத்தான் எதிர்த்தார். 1947இல் சி.எஸ்.ஐ.யாக இணைந்த சபைகளுள் ஆங்கிலிக்கன் சபையும் ஒன்று. அதன் 1662ஆம் ஆண்டு ஜெபப் புத்தகம் லெந்தின் (தவக்காலத்தின்) 40 நாட்களை உபவாச நாட்கள் என்று குறித்தாலும், எதை உண்ணக் கூடாது என்று பட்டியலிடவில்லை. அதனால்தான் உங்கள் சபையில் லெந்து தியானங்களும் காணிக்கையும் இருக்கின்றன, உணவு விதி இல்லை. பெந்தெகொஸ்தே சபைகள் பெரும்பாலும் லெந்தைக் கொண்டாடுவதில்லை. ஆயினும் அவர்களது உபவாச ஜெபக் கூட்டங்களில் முழுநாளும் பட்டினியாக மன்றாடுவோரைப் பார்த்திருப்பவர்கள், அவர்களுக்கு நோன்பு தெரியாது என்று சொல்லத் துணியமாட்டார்கள்.

உங்களைப் பொறுத்தவரை, திருமணத்தால் மட்டும் ஒருவர் கத்தோலிக்கராகிவிடுவதில்லை; நீங்கள் கத்தோலிக்கத் திருச்சபையில் சேராதவரை மேற்சொன்ன சட்டம் உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் ஒரே பந்தியில் உட்காருகிறவர் வெள்ளிக்கிழமை அதே உணவை உண்பது நல்லது என்பேன்; மாமியாருக்காக அடங்கிப்போவது என்று அதை எண்ண வேண்டாம், ஏசாயா 58ஆம் அதிகாரம் கேட்கும் நோன்பிலும் பசித்தவரோடு அப்பத்தைப் பகிர்வது உண்டு. கருவுற்றிருந்தாலோ, பாலூட்டினாலோ, நீரிழிவுக்கு மருந்து எடுத்தாலோ பட்டினி வேண்டாம். எந்தத் திருச்சபையும் அதைக் கேட்பதில்லை. கறிக்குச் செலவாகியிருக்கும் பணத்தைத் தனியாக எடுத்துவைத்து, புகுந்த வீட்டுப் பங்கின் தவக்கால உண்டியலிலோ உங்கள் சபையின் லெந்து காணிக்கையிலோ சேர்க்கலாம். பெரிய வெள்ளியன்று சி.எஸ்.ஐ.யில் ஏழு வார்த்தைகள் ஆராதனை 12 முதல் 3 மணிவரை நடக்கும். கத்தோலிக்கக் கோயிலில் திருப்பாடுகளின் வழிபாடு 3 மணிக்கோ அதற்குப் பிறகோதான் தொடங்கும் என்பதால், இரண்டுக்கும் கணவரோடு சென்றுவிட்டு அந்த ஒருவேளைச் சாப்பாட்டை மாலையில் வைத்துக்கொள்வது எளிது.