மருத்துவ மேடை: வாசகர் கேள்விகள்

கேள்வி: தலைவலிக்காக எடுத்த ஸ்கேனில், 56 வயதான என் கணவருக்கு மூளை இரத்தக்குழாயில் 5 மி.மீ. அளவுள்ள அனியூரிசம் (குழாயின் சுவர் பலவீனமாகிப் பைபோல் புடைத்திருப்பது) இருப்பது தெரியவந்தது; அது வெடிக்கவில்லை. ஆஞ்சியோவும் எடுத்தாயிற்று. இப்போது குழாயின் சுவரைத் தனியாகப் பார்க்கும் எம்.ஆர்.ஐ. வேண்டும் என்கிறார் கோவை மருத்துவர். மறுபடியும் மலை இறங்கி இன்னொரு ஸ்கேன் எடுப்பது அவசியந்தானா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: ஆஞ்சியோவில் தெரிவது குழாய்க்குள் ஓடும் இரத்தத்தின் வடிவமே தவிர, அந்த இரத்தத்தைத் தாங்கி நிற்கும் சுவர் அன்று. மழைக்காலத்தில் உங்கள் ஊர்ச் சாலையோரத் தடுப்புச் சுவரைப் பார்ப்பவர்கள் அதன் உயரத்தை மட்டும் அளந்துவிட்டுப் போவதில்லை. எங்கே நீர் கசிகிறது, எங்கே கல் பிதுங்கியிருக்கிறது என்றுதான் முதலில் தேடுகிறார்கள். மருத்துவர் கேட்பதும் அத்தகைய சோதனையே.

இந்த ஸ்கேனில், ஓடும் இரத்தம் படத்தில் கறுப்பாகத் தெரியும்படி செய்துவிட்டு, படத்தில் வேறுபாட்டைத் தெளிவாகக் காட்ட உதவும், காடோலினியம் என்ற உலோகம் கலந்த கான்ட்ராஸ்ட் ஊசி போடுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிடுவார்கள். சுவரில் அழற்சி இருந்தாலோ, சுவருக்குள்ளேயே நுண்ணிய இரத்தக்குழாய்கள் புதிதாக முளைத்திருந்தாலோ, மருந்து அங்கே தங்கி அந்த இடம் வெளிச்சமாகத் தெரியும். வெடித்த அனியூரிசங்களிலும், வளர்ந்துகொண்டிருப்பவற்றிலும் இந்த வெளிச்சம் அதிகமாகக் காணப்படுகிறது. சுவரின் தடிமனை இதில் துல்லியமாக அளந்துவிடலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அனியூரிசத்தின் சுவர் பல இடங்களில் அரை மில்லிமீட்டரைவிட மெல்லியது என்பதால், காந்தத் திறன் மிகுந்த 3 டெஸ்லா எம்.ஆர்.ஐ. கருவிக்கும் அது எளிதில் பிடிபடாது.

வெளிச்சம் தெரிந்தவுடன் கலங்கிவிட வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பெரிய அனியூரிசங்கள் அமைதியாக இருக்கும்போதும் ஒளிர்வதுண்டு. பையின் ஓரத்தில் இரத்தம் மெதுவாகச் சுழன்றால் அதுவே சுவர் ஒளிர்வதுபோல் போலித் தோற்றம் காட்டும். கொழுப்புப் படிந்து தடித்த சுவரும் ஒளிரும். ஆகவே வெளிச்சம் இருப்பதைவிட, அது இல்லாமலிருப்பதையே நான் கூடுதலாக நம்புவேன்: சிறிய அனியூரிசத்தின் சுவர் சற்றும் ஒளிராவிட்டால், அது அண்மைக் காலத்தில் நிலையாக இருக்கும் வாய்ப்பே அதிகம். ஐந்து மில்லிமீட்டர் என்பது சிகிச்சையா, கண்காணிப்பா என்று மருத்துவர்களே தயங்கும் அளவு என்பதால், உங்கள் கணவருக்கு இந்தப் பயணம் பயனுள்ளது என்றே கருதுகிறேன். எனினும் முடிவை இந்த ஒரு படத்திடம் விட்டுவிடக் கூடாது. அனியூரிசம் எந்தக் குழாயில் இருக்கிறது, அதன் வடிவம் ஒழுங்கானதா, இரத்த அழுத்தம் எவ்வளவு, புகைப்பழக்கம் உண்டா, பெற்றோர் அல்லது உடன்பிறந்தோரில் எவருக்கேனும் மூளை இரத்தக்கசிவு ஏற்பட்டதா என்பவற்றையும் சேர்த்தே எடைபோடுவார்கள்.

புறப்படுவதற்கு முன் சிறுநீரகச் செயல்பாட்டுக்கான இரத்தப் பரிசோதனையை ஊரிலேயே செய்துகொள்ளுங்கள். சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்களுக்குக் காடோலினியம் கொடுப்பதில் எச்சரிக்கை தேவை. பழைய ஆஞ்சியோ படங்கள் பதிந்த சி.டி.யையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது. இதற்கிடையில் அவருக்கு இடி விழுந்தாற்போல் திடீரென்று கடும் தலைவலி வந்தால், இந்த ஸ்கேனுக்கான தேதியை எதிர்பார்த்துக் காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

கேள்வி: என் அம்மாவுக்குப் பல ஆண்டுகளுக்கு முன் அனியூரிசத்துக்குக் கிளிப் (அதை இறுக்கி மூடும் சிறு உலோகக் கவ்வி) போட்டார்கள். அவர் எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகலாமா?
– ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: கிளிப் எந்த உலோகம் என்பதைப் பொறுத்தது. டைட்டானியம் கிளிப் என்றால் பொதுவாகத் தடையில்லை. பழைய எஃகுக் கிளிப்புகளில் சிலவற்றைக் காந்தம் இழுத்துவிடும். அறுவை சிகிச்சைக் குறிப்பில் கிளிப்பின் பெயரும் வகையும் இருக்கும். அந்தத் தாள் கையில் கிடைக்கும்வரை அவரை உள்ளே அனுப்பாதீர்கள்.